ஹெலிகாப்டர் எழும்போதே விழுந்தால், காரணத்தை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளித் திடலில், தேர்தல் பிரசாரத்துக்கு வந்த தலைவர் ஒருவரின் ஹெலிகாப்டர் பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டதைப் பார்த்திருக்கிறீர்கள். அது ஆளுயரம் எழுந்து, ஏழெட்டு விநாடி அந்தரத்தில் நின்று, மறுபடியும் தரையில் உட்கார்ந்தது. பின்னிருக்கையிலிருந்து இரண்டு பேரை இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு எழுந்து போய்விட்டது. பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் இயந்திரம் மக்கர் என்றும், இன்னொருவர் ஓட்டியவருக்குக் கை பழகவில்லை என்றும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அது விபத்து தப்பிய கணமா, அப்படி எழும்போதே ஒன்று விழுந்துவிட்டால் விமானியின் தவறா இயந்திரக் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், பத்து விநாடியில் முடிந்துபோனதை விசாரிக்க ஓராண்டுக்கு மேல் ஏன் ஆகிறது என்பவை உங்கள் கேள்விகள்.

மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் விமானி அல்லன். இருபத்தாறு ஆண்டுகள் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவன். அதில் பாதிக் காலம், தலைவர்களும் அதிகாரிகளும் வந்து இறங்கும் தற்காலிக ஹெலிபேடுகளுக்கு முன்கூட்டியே போய்க் காத்திருந்த பொறியாளன். விசாரணைக் குழுக்கள் கேட்ட பதிவேடுகளை எடுத்துக் கொடுத்து, அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லி உட்கார்ந்திருக்கிறேனே தவிர, அறிக்கையில் கையெழுத்திட்டவன் அல்லன். ஆகவே, ஒரு நெருக்கடியில் விமானியின் கையும் காலும் எப்படி இயங்கியிருக்க வேண்டும் என்பதில் என் சொல்லைவிட ஒரு விமானியின் சொல்லையே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். எடை, காகிதம், உலோகம் ஆகிய மூன்றில் என் சொல்லுக்கு ஓரளவு மதிப்பு உண்டு.

நீங்கள் பார்த்ததிலிருந்தே தொடங்கலாம். எழுந்து நிற்பதை நாங்கள் ஹோவர் என்போம். கிளம்பியவுடன் தரைக்கு மிக அருகில் சில விநாடி நின்று பார்ப்பது ஒரு சோதனை. காலால் மிதிக்கும் பெடலும் கையில் பிடிக்கும் ஸ்டிக்கும் சொன்னபடி கேட்கின்றனவா, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரிகிறதா, நிற்பதற்கே எவ்வளவு சக்தி செலவாகிறது, மேலே ஏற எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையெல்லாம் விமானி அந்த இடைவெளியில் பார்த்துக்கொள்கிறார். இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. தரைக்கு அருகில் நிற்கும்போது, விசிறி கீழே தள்ளும் காற்று தரையில் தடைபடுவதால், அதே எடையைத் தூக்கக் குறைந்த சக்தி போதும். இந்த உதவி, ஏறத்தாழ விசிறியின் விட்டம் அளவு உயரம் போனதும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதே நேரத்தில், மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகம் கிடைத்துவிட்டால், விசிறி புதிய காற்றுக்குள் போவதால் வேறொரு உதவி வந்து சேர்கிறது. முதல் உதவி போய் இரண்டாவது உதவி வரும் வரை நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆளுயரத்தில் சுகமாக நிற்கும் ஹெலிகாப்டர், திடலின் சுற்றுச்சுவரையும் மின்கம்பியையும் தாண்ட முயலும்போது தொய்ந்து விழுவது அந்த ஓட்டையில்தான்.

வெயில் அந்த ஓட்டையை இன்னும் அகலமாக்குகிறது. நம் பகுதி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரம் இல்லாத சமவெளி என்பதால், மலையில் பறப்பவர்களின் கவலை நமக்கு எதற்கு என்று தோன்றும். ஆனால் சித்திரை மாதத்தில் 40 டிகிரி வெப்பத்தில் இருக்கும் நம் காற்று, கணக்கின்படி சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய அளவுக்கே அடர்த்தி உள்ளது. அதாவது, காரைக்குடித் திடலில் நிற்கும் ஹெலிகாப்டர், ஏற்காட்டு மலையில் மூன்றில் இரண்டு பங்கு ஏறி நிற்பது போல உணர்கிறது. விசிறிக்குப் பிடிமானம் குறைகிறது, என்ஜின் தரும் சக்தியும் குறைகிறது. காலை ஏழு மணிக்கு ஆறு பேரைத் தூக்கிய அதே இயந்திரம் பிற்பகல் இரண்டு மணிக்கு நான்கு பேருக்கு மேல் தூக்க மறுத்தால், அதில் கோளாறு எதுவும் இல்லை.

ஆகவே, நீங்கள் பார்த்ததைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: ஹெலிகாப்டர் எழுந்தது, சோதித்தது, இறங்கியது, எடையைக் குறைத்தது, போனது. இறக்கிவிடப்பட்டவர்கள் எடைக்காகத்தான் இறக்கிவிடப்பட்டார்கள் என்பது மிகுந்த சாத்தியம் உள்ள ஊகம், ஆனாலும் ஊகம்தான். ஒருவருக்கு மயக்கம் வந்திருக்கலாம், நிகழ்ச்சி நிரல் மாறியிருக்கலாம். எப்படியிருந்தாலும், எழுந்துவிட்ட ஹெலிகாப்டரை நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்க மறுபடி கீழே வைப்பதற்கு, கைப்பழக்கத்தைவிடத் துணிச்சல் அதிகம் வேண்டும். அந்த விமானியை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதே போன்ற ஒரு மதியத்தை நான் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நம் செம்மண் பூமிதான். முந்தைய நாள் சாயங்காலமே தண்ணீர் லாரி வந்து திடலை இரண்டு முறை நனைத்திருந்தது. காலையில் மூன்றாவது முறையும் அடித்தார்கள். அப்படி நனைக்காவிட்டால், விசிறிக் காற்றில் எழும் புழுதியில் விமானிக்குத் தரையே தெரியாமல் போய்விடும். சுண்ணாம்பால் வட்டம் போட்டு நடுவில் எச் எழுதி, காற்றின் திசை தெரிய மூலையில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டிருந்தோம். விருந்தினர் கூட்டம் முடிந்து வந்து ஏறினார். ஹெலிகாப்டர் நான்கடி எழுந்தது. மூக்கு வழக்கத்தைவிடச் சற்று மேலே தூக்கியிருந்தது எனக்கே தெரிந்தது. உடனே கீழே வைத்துவிட்டார் விமானி. என்னைக் கூப்பிட்டுக் கையால் பின்பக்கத்தைக் காட்டினார். சாமான் அறையைத் திறந்தால், ஏற்றிய எடைகளைக் குறிக்கும் லோடு ஷீட்டில் இல்லாத இரண்டு அட்டைப்பெட்டிகள். உள்ளே தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்கள்! உள்ளூர் அன்பர் ஒருவர் நினைவுப் பரிசாகக் கொடுக்க, உதவியாளர் யாரோ சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றியிருந்தார். ஒரு பெட்டி முப்பது கிலோவுக்குக் குறையாது. பூக்கோலம் போட்ட அந்தக் கற்களை ஈர மண்ணில் இறக்கி வைத்துவிட்டு, காரில் அனுப்பிவைப்பதாகச் சொன்னோம். எடை கூடியது ஒரு பக்கம். கூடிய எடை வால் பக்கம் போய் உட்கார்ந்தது இன்னொரு பக்கம். ஹெலிகாப்டரின் எடை மையம் முன்னும் பின்னும் நகர அனுமதி சில அங்குலங்கள்தான். அந்த ஷீட்டைத் தயாரித்தவன் நான். புறப்படுவதற்கு முன் ஒரு முறை பின்கதவைத் திறந்து பார்த்திருக்க வேண்டியவனும் நான்தான்.

அந்த ஹெலிகாப்டர் விழுந்திருந்தால், கூட்டத்தில் நின்றவர்களின் காணொளியில் என்ன தெரிந்திருக்கும்? எழுந்தது, தடுமாறியது, சாய்ந்தது. விமானிக்குக் கை பழகவில்லை என்றுதான் ஊர் பேசியிருக்கும். அட்டைப்பெட்டி எந்தக் காணொளியிலும் இராது. எழும்போது நடக்கும் விபத்துகளைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: அவற்றில் பெரும்பாலானவை எழுவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. காணொளி, விபத்து முடிந்த இடத்தைக் காட்டுகிறது. விசாரணை, அது தொடங்கிய இடத்தைத் தேடிப் போகிறது. அந்தப் பயணத்துக்குத்தான் ஓராண்டும் அதற்கு மேலும் ஆகிறது.

காகிதத்தில் தொடங்கிய ஒரு விபத்தைச் சொல்கிறேன். 2008 ஆகஸ்ட் 5 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ட்ரினிட்டி மலைப்பகுதியில் காட்டுத்தீயை அணைக்கப் போயிருந்த வீரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சிகோர்ஸ்கி எஸ்-61 ரக ஹெலிகாப்டர் மலைமேல் இருந்த சிறிய தளத்திலிருந்து எழுந்தது. உயரவே முடியாமல் மரங்களில் மோதிச் சரிவில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 13 பேரில் 9 பேர் இறந்தார்கள். இயந்திரத்தின் பெரும்பகுதி நெருப்பில் போய்விட்டது. என்ஜின் சக்தி இழந்ததா என்பதே முதல் கேள்வி. எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவியில் தூசு அடைத்திருக்கலாம் என்ற வாதமும் வலுவாக எழுந்தது. விசாரணையாளர்கள் காக்பிட் ஒலிப்பதிவில் பேச்சை மட்டும் கேட்கவில்லை. பேச்சுக்குப் பின்னால் இருந்த இரைச்சலைப் பிரித்து, அதிலிருந்து என்ஜினும் விசிறியும் ஒவ்வொரு விநாடியும் எந்த வேகத்தில் சுழன்றன என்று கணக்கிட்டார்கள். என்ஜின்கள் தங்களால் முடிந்த முழு சக்தியையும் கொடுத்துக்கொண்டிருந்தன. விசிறியின் வேகம்தான் படிப்படியாகக் குறைந்துகொண்டே போனது. அதாவது, இயந்திரத்தில் குறை இல்லை, சுமை அதிகம். ஆனால் விமானிகள் வைத்திருந்த கணக்கின்படி சுமை அனுமதிக்குள்தான் இருந்தது!

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 டிசம்பரில் வெளியிட்ட முடிவு இதுதான்: ஹெலிகாப்டரின் வெற்று எடையையே, அதாவது ஆளும் சுமையும் ஏறாத எடையையே, அதை இயக்கிய நிறுவனம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் குறைத்துக் காட்டியிருந்தது, எந்த வெப்பத்தில் எவ்வளவு சக்தி கிடைக்கும் என்று சொல்லும் வரைபடமும் திருத்தப்பட்டிருந்தது. என் தகப்பனார் தேவகோட்டையில் ஒரு வீட்டுக்குக் கணக்கு எழுதியவர். ஐந்தொகை எடுக்கும்போது ஆரம்ப இருப்பு தப்பாக எழுதப்பட்டிருந்தால், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கூட்டலும் சரியாக வரும், ஆனாலும் பெட்டியில் பணம் இருக்காது என்பார். அந்த மலையில் நடந்தது அதுதான். விமானிகள் கூட்டலைச் சரியாகப் போட்டார்கள்; ஆரம்ப இருப்பு பொய். பின்னர் அந்நிறுவனத்தின் முன்னாள் அதிகாரிகள் இருவருக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. இத்தனைக்கும் பிறகும், வாரியம் விமானிகளை முற்றாக விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே தளத்திலிருந்து அதே நாளில் அதற்கு முன் இரண்டு முறை எழுந்தபோதும் இயந்திரம் தன் எல்லையைத் தொட்டுவிட்டே போயிருந்தது. அதை அவர்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாதது துணைக் காரணமாகப் பதிவாயிற்று.

நம் நாட்டிலும் வெயில் நேரத்துத் தற்காலிகத் தளம் ஒன்றின் கதை பலருக்கு நினைவிருக்கும். 2017 மே 25 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் நிலங்கா என்ற ஊரில், அப்போதைய முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் ஏறியிருந்த சிகோர்ஸ்கி எஸ்-76 எழுந்த சிறிது நேரத்திலேயே உயரம் இழந்து, மின்கம்பிகளில் உரசிக் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். மே மாதம், நண்பகல், ஊருக்கு நடுவே ஒரு திடல், சுற்றிலும் கம்பி. நம் ஊர்த் திடல்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடையால் வருவது தொய்வு. இன்னொரு வகை, எழுந்தவுடன் பம்பரம் போலச் சுற்றத் தொடங்கிவிடுவது. மேல் விசிறி ஒரு பக்கம் சுழன்றால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வால் விசிறி. எழும்போது மேல் விசிறிக்கு அதிக சக்தி கொடுக்கப்படுவதால், வால் விசிறியின் வேலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வால் விசிறிக்குப் போகும் தண்டு முறிந்தாலும், பெடலிலிருந்து போகும் இணைப்பு கழன்றாலும், பெடலை இலகுவாக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தம் இல்லாமல் அது பாறை போல இறுகினாலும், பக்கவாட்டுக் காற்றில் வால் விசிறி தன் பிடியை இழந்தாலும் தரையில் நிற்பவர் கண்ணுக்கு நான்கும் ஒன்றுபோலவே தெரியும்: ஹெலிகாப்டர் சுற்றுகிறது. காணொளியைப் பார்த்தே காரணம் சொல்பவர்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

2018 அக்டோபர் 27 இரவு, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், கால்பந்து மைதானத்தின் நடுவிலிருந்து எழுந்த ஏடபிள்யூ-169 ஹெலிகாப்டர், சுமார் 430 அடி உயரத்தில் திடீரென வலப்பக்கம் சுற்றத் தொடங்கி, மைதானத்துக்கு வெளியே விழுந்தது. அணியின் உரிமையாளர் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். இருட்டில் மைதானத்துக்குள்ளிருந்து நேர் மேலே ஏறியது தவறு என்று அன்றிரவே பேசினார்கள். பிரிட்டிஷ் விசாரணை அமைப்பு வாலைப் பிரித்துப் பார்த்தபோது கண்டது வேறு. வால் விசிறியின் இதழ்களைத் திருப்பும் கட்டுப்பாட்டுத் தண்டு, விசிறிக்கு நடுவே போனாலும் தான் சுழலக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பேரிங் இருக்கிறது. அந்த பேரிங் உள்ளுக்குள் தேய்ந்து, இறுகிப் பூட்டிக்கொண்டது. சுழலக் கூடாத தண்டு விசிறியோடு சேர்ந்து சுழன்றது; பெடலிலிருந்து வரும் இணைப்பு விட்டுப்போனது. அதற்குப் பிறகு விமானி எவ்வளவு மிதித்தாலும் வாலுக்குச் செய்தி போகாது. இறுதி அறிக்கை 2023 செப்டம்பரில் வந்தது. விமானியால் அதைத் தடுத்திருக்க முடியாது என்றது. ஆனால் விபத்து நடந்த சில வாரங்களிலேயே, 2018 நவம்பரிலும் டிசம்பரிலும், கண்டதை இடைக்கால அறிக்கைகளாக வெளியிட்டார்கள். அதே ரக ஹெலிகாப்டர்களின் அந்த உறுப்பை உடனே சோதிக்கச் சொல்லி அவசர உத்தரவுகளும் போயின. ஐந்து ஆண்டு என்றால் ஐந்து ஆண்டு மௌனம் என்று பொருள் இல்லை. எது உடைந்தது என்பது வாரங்களில் தெரிந்துவிட்டது. அது ஏன் உடைந்தது, வடிவமைப்பிலும் சோதனையிலும் எங்கே கோட்டை விட்டார்கள் என்பதற்குத்தான் ஆண்டுகள் பிடித்தன.

உடைந்த உலோகம் எப்படிப் பேசுகிறது என்பதையும் சொல்கிறேன். நம் ஊருணிகளில் கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, படிக்கட்டில் ஒரு கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடாக விட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். பல நாள் பறப்பில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் ஓடி முறிந்த பாகத்தின் முகத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்தால், அப்படியே வரிவரியாகக் கோடுகள் தெரியும். அவை விரிசல் எங்கே பிறந்தது என்பதையும் காட்டும். விழுந்த அடியில் ஒரே வீச்சில் முறிந்ததென்றால் கோடுகள் இராது. முகம் சொரசொரப்பாகவோ, இழுபட்டோ இருக்கும். முன்னது விபத்துக்குக் காரணமாக இருக்கலாம், பின்னது விபத்தின் விளைவு. விசிறி இதழ்கள் துண்டுதுண்டாகி வெகுதூரம் சிதறியிருந்தால், மோதும்போது அவை சக்தியோடு சுழன்றன என்று பொருள். அதிகம் சிதையாமல் மடங்கிக் கிடந்தால், விசிறி ஏற்கெனவே வேகம் இழந்திருந்தது. என்ஜின் உள்ளே மண்ணும் இலையும் உறிஞ்சப்பட்டிருந்தால், தரையைத் தொட்டபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. பழைய மாதிரிகளில் எச்சரிக்கை விளக்கின் குண்டு பல்புகூடச் சாட்சி சொல்லும்: மோதும் கணத்தில் எரிந்துகொண்டிருந்தால் சூடான இழை இழுபட்டு நீண்டிருக்கும், அணைந்திருந்தால் வெடுக்கென்று அறுந்திருக்கும். எரிபொருள் நிரப்பிய பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். பராமரிப்புப் பதிவேடுகளை அன்றே சீல் வைப்பார்கள். எங்கள் அலுவலகத்துக்கு முதல் தொலைபேசி வந்ததும் நாங்கள் செய்ய வேண்டிய வேலையே அலமாரியைப் பூட்டிச் சாவியை ஒப்படைப்பதுதான். அந்தச் சாவியைக் கொடுக்கும்போது, நேற்றுப் போட்ட கையெழுத்துகள் எல்லாம் ஒரு முறை மனத்தில் ஓடும்.

விமானியா இயந்திரமா என்ற உங்கள் கேள்விக்கு, நான் அறிந்த விபத்துகளிலேயே நேரான விடை சொல்வது 2015 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஃப்ரிஸ்கோ நகரில் நடந்தது. மருத்துவமனைத் தளத்திலிருந்து எழுந்த ஏஎஸ்-350 ரக ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர், எழுந்தவுடனே இடப்பக்கம் சுற்றி, சற்று நேரத்தில் பக்கத்து வாகன நிறுத்துமிடத்தில் விழுந்து தீப்பிடித்தது. விமானி இறந்தார், செவிலியர் இருவர் கடுமையான காயங்களோடு பிழைத்தார்கள். புறப்படும் முன் செய்யும் ஹைட்ராலிக் சோதனையில் ஒரு சுவிட்சைத் தட்டிப் பார்த்து மறுபடி பழைய இடத்தில் வைக்க வேண்டும்; அது வைக்கப்படவில்லை. பெடலுக்கு ஹைட்ராலிக் உதவி இல்லை. தவறு விமானியுடையது என்று இங்கே முடித்துவிடலாம். வாரியம் முடிக்கவில்லை. அழுத்தத்தைக் காலி செய்யும்படி அமைந்த அந்தச் சோதனை முறையையும், அழுத்தம் திரும்பவில்லை என்பதை விமானியின் கண்ணில் படும்படி எச்சரிக்காத வடிவமைப்பையும் முதன்மைக் காரணமாக எழுதியது. சுவிட்சை மறந்ததை அதற்குள் ஒரு கண்ணியாக வைத்தது. எழுந்தவுடன் ஹோவரில் நின்று சோதிக்காததைத் துணைக் காரணம் என்றது; நீங்கள் உங்கள் ஊர்த் திடலில் பார்த்த அந்த ஏழெட்டு விநாடிதான் அங்கே விட்டுப்போனது. காயங்கள் இவ்வளவு கொடுமையாக இருந்ததற்கு, மோதலைத் தாங்காத எரிபொருள் தொட்டியைக் குறிப்பிட்டது. மோதலைத் தாங்கும் தொட்டி வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1994-லேயே வந்துவிட்டது. ஆனால் புதிதாகச் சான்று பெறும் மாதிரிகளுக்கு மட்டும். பழைய மாதிரியைப் புதிதாகத் தயாரித்து விற்றால் பழைய தொட்டியே போதும் என்றிருந்ததை, 2018-இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டுத்தான் அடைத்தார்கள். லெஸ்டரிலும் ஐவரில் நால்வர் மோதலில் சாகவில்லை, தீயில்தான் இறந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் யார் விசாரிக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக நாடுகள் ஒப்புக்கொண்ட சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆவது இணைப்புதான் அடிப்படை. விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அல்ல என்று அது சொல்கிறது. நம் நாட்டில் 2012-இல் இதற்கென விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு தொடங்கப்பட்டது. இயந்திரத்தை வடிவமைத்த நாட்டுக்கும் தயாரித்த நாட்டுக்கும் தங்கள் பிரதிநிதியை அனுப்பும் உரிமை உண்டு. முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள், இறுதி அறிக்கைக்கு முடிந்தவரை 12 மாதம். முடியாவிட்டால் ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும் ஓர் இடைக்கால அறிக்கை தர வேண்டும். முதற்கட்ட அறிக்கையில் தகவல் மட்டுமே இருக்கும், காரணம் இராது. அதைப் படித்துவிட்டு மூடி மறைக்கிறார்கள் என்று கோபப்படுவது தேவையற்றது. காவல் துறை போடும் வழக்கு தனி, நீதிமன்றம் தனி. இராணுவ ஹெலிகாப்டர் என்றால் இந்த அமைப்பு வராது, படைகளே 'கோர்ட் ஆஃப் என்கொயரி' என்ற தங்கள் விசாரணைக் குழுவை அமைத்துக்கொள்ளும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் சென்ற எம்ஐ-17 விழுந்தபோது அப்படித்தான் நடந்தது. அது எழும்போது நடந்த விபத்து அல்ல, மேகத்துக்குள் நுழைந்து திசை உணர்வு தப்பி மலையில் மோதியது என்று அந்த விசாரணை கூறியது. அங்கும் மூடுபனிக்குள் ஹெலிகாப்டர் மறையும் ஒரு கைபேசிக் காணொளி ஊரெல்லாம் சுற்றியது. சதி என்று சொன்னவர்களும் அதையேதான் ஆதாரமாகக் காட்டினார்கள்.

எல்லா விசாரணையும் தீர்மானமான விடையில் முடிவதில்லை. பதிவுக் கருவி இல்லாத சிறிய ஹெலிகாப்டர், முற்றும் எரிந்துபோன சிதைவுகள், உயிரோடு யாரும் இல்லை என்றால், எது நடக்கவில்லை என்பதை மட்டும் வரிசையாக நீக்கிக்கொண்டு போய், மிஞ்சியதைச் சாத்தியமான காரணம் என்று எழுதுவார்கள். அந்தச் 'சாத்தியமான' என்ற சொல்லைப் பத்திரிகைகள் தலைப்பில் விட்டுவிடுகின்றன. உலோகம் எப்போது முறிந்தது என்பதை ஆய்வுக்கூடம் உறுதியாகச் சொல்லிவிடும். ஒரு விமானி அந்த எடையோடு எழச் சம்மதித்தது, ஏறியவர் பெரியவர் என்ற தயக்கத்தாலா, இதற்கு முன் பத்து முறை சரியாகப் போனது என்ற பழக்கத்தாலா என்பதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது. என் அனுபவத்தில் இரண்டாவது, முதலாவதைவிட ஆபத்தானது. தயங்குகிறவர் கொஞ்சமாவது யோசிக்கிறார்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அன்று உங்கள் கைபேசியில் எடுத்த காணொளியை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு அழித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். எதுவும் நடக்கவில்லை என்பதால் பரவாயில்லை. ஆனால் என்றாவது உண்மையிலேயே ஒரு விபத்தைப் பார்க்க நேர்ந்தால், அசல் கோப்பை அழிக்காதீர்கள்; வாட்ஸ்அப்பில் போய்வந்த பிரதியில் ஒலி நசுங்கிவிடுகிறது, விசிறியின் வேகத்தைக் கணக்கிட அந்த ஒலிதான் வேண்டும். நின்ற இடத்தை ஒரு மரமோ தூணோ வைத்து அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள், மணியை எழுதிவையுங்கள். சிதறிக் கிடக்கும் துண்டு எதையும், அது விரலளவு இருந்தாலும், எடுத்து ஓரத்தில் வைக்காதீர்கள். காவலரிடம் கோப்பைக் கொடுக்கும்போது, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: எந்தப் பக்கம் சாய்ந்தது, சத்தம் முதலில் மாறியதா, சாய்ந்த பிறகு மாறியதா.